கோலி சோடா இயந்திரமும் பாட்டிலும்: நெல்லைச் சீமையில் தேடிச் சேர்த்து அடையாளம் காணும் முறை

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய நெல்லைச் சீமையில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை கொஞ்சம் பெரிய ஊர்களில் எல்லாம் ஒரு ‘கலர் கம்பெனி’ இருந்தது. பெயர்தான் கம்பெனி, உள்ளே போனால் ஒரு கிணறு, ஒரு தகரக் கொட்டகை, கையால் சுற்றும் ஓர் இயந்திரம், சில நூறு பாட்டில்கள், இரண்டு அல்லது மூன்று ஆட்கள் மட்டுமே இருப்பார்கள். சாயமும் சர்க்கரைப் பாகும் சேர்த்தது கலர், சேர்க்காதது சோடா, பன்னீர் விட்டது பன்னீர் சோடா. அந்தக் கொட்டகைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. இயந்திரங்களோ வீட்டுப் புறவாசலிலும் மாட்டுத்தொழுவத்திலும் துருவேறிக் கிடக்கின்றன, அல்லது கிலோக்கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றைத் தேடிச் சேர்க்க விரும்புவோருக்காக, பல ஆண்டுகள் சேர்த்துவரும் அனுபவத்திலிருந்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கிடைத்த பொருளைத் துடைப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய இயந்திரம் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் குதிருக்குப் பின்னால் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஆர்வ மிகுதியால் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷுமாக உட்கார்ந்து, மாலைக்குள் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துவிட்டேன். கடைசியாகக் கூண்டின் பக்கத் தகட்டில் கை வைத்தபோதுதான், துருவுக்கு அடியில் வெள்ளைச் சாயத்தில் எழுத்துகள் இருந்ததைக் கண்டேன். அதற்குள் பெயரின் பெரும்பகுதி கந்தல் துணியோடு போயிருந்தது. ஒரு ‘ளை’யும், அதன் பின் ‘கலர்’ என்ற சொல்லும் மட்டுமே மிஞ்சின. அந்தக் கம்பெனியின் பெயரை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க இயலவில்லை.

கோலி பாட்டில் எப்படி வேலை செய்கிறது

அடையாளம் காண்பதற்குப் பொருளின் இயக்கம் தெரிந்திருக்க வேண்டும். கோலி பாட்டிலை உருவாக்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-இல் காப்புரிமை பெற்று, 1872-இல் அதைச் செம்மைப்படுத்தினார். பாட்டிலின் வாய்க்குள் ஒரு பள்ளம் ஓடுகிறது, அதில் ரப்பர் வளையம் உட்காருகிறது. கழுத்தில் கண்ணாடிக் குண்டு ஒன்று அடைபட்டிருக்கிறது. வாயு நிறைந்த பாட்டிலில் உள்ளழுத்தம் குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு ஒட்டவைக்கிறது. தக்கையோ மூடியோ தேவையில்லாமல், உள்ளே இருக்கும் பானமே தனக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. குண்டைக் கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ உள்ளே தள்ளினால் ‘டப்’ என்ற ஓசையோடு திறக்கும். சாய்த்து ஊற்றும்போது குண்டு மறுபடியும் வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு குழிவுகள் அதைப் பிடித்து நிறுத்தும்.

இதிலிருந்து முதல் சோதனை தானாகவே கிடைக்கிறது: 1870-க்கு முந்தைய கோலி பாட்டில் என்று எவரேனும் விற்க வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். அதற்கு முன் இங்கிலாந்தில் புழங்கியது வில்லியம் ஹாமில்டன் பெயரால் அறியப்படும் முட்டை வடிவப் பாட்டில்; தக்கை காய்ந்து சுருங்காமல் இருப்பதற்காக அதை நிற்கவைக்க முடியாதபடி கூரான அடியோடு செய்தார்கள். அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் 1892-இல் காப்புரிமை பெற்ற தகர மூடிதான் உலகின் பெரும்பாலான நாடுகளில் கோலிக் குண்டை ஓரங்கட்டியது. நம் ஊரில் இரண்டும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன; 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற பெரிய பெயர்கள் வளர்ந்த பின்னும், ஊர்க் கலர் கம்பெனிகள் குண்டு பாட்டிலை விடவில்லை.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

பாட்டிலை வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் அச்சு இணைப்புக் கோடு அடியிலிருந்து மேலே ஏறும். கையால் செய்த பழைய பாட்டிலில் அந்தக் கோடு வாய்க்கு அருகே மழுங்கி மறைந்துவிடும். ஏனெனில் பாட்டிலை ஊதி முடித்த பிறகு குண்டை உள்ளே போட்டு, சூடான கண்ணாடியைக் கருவியால் திருகி வாயை இறுக்கினார்கள். அந்தத் திருகலின் தடம் வாயைச் சுற்றி மெல்லிய வளையங்களாகத் தெரியும். கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் இருக்கும், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். நீலமும் பச்சையும் கலந்த நிறத்தை மட்டும் வைத்துப் பழமை என்று முடிவு செய்துவிடக்கூடாது. மணலில் உள்ள இரும்பினால் அந்த நிறம் வருகிறது. நேற்றுச் செய்த மலிவான கண்ணாடிக்கும் அது வரும்.

அடுத்து, அடிப்பக்கத்தையும் தோளையும் விரலால் தடவுங்கள். பல ஆண்டுகள் மரப்பெட்டியில் குலுங்கி, மற்றப் பாட்டில்களோடு உரசி, சைக்கிளில் போய்வந்த பாட்டிலில் தோள் வளைவைச் சுற்றி வெண்மையான சொரசொரப்பான பட்டை ஒன்று படிந்திருக்கும். உரசல் எங்கு நிகழுமோ அங்கு மட்டும் அது இருக்கும். குழிவுகளிலும் எழுத்துகளின் இடுக்குகளிலும் இருக்காது. உடல் முழுவதும் ஒரே சீராகச் சொரசொரப்பாக இருந்தால், யாரோ அமிலத்திலோ மணலிலோ போட்டு வயதேற்றியிருக்கிறார்கள் என்று ஐயுறுங்கள். எழுத்தைக்காட்டிலும் இந்த உரசல் பட்டையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஏனெனில் அதைப் பொய்யாகச் செய்வது மிகக் கடினம்.

இங்கிலாந்திலிருந்து வந்த பாட்டில்களில் ஹைரம் காட்டின் காப்புரிமையைக் குறிக்கும் சொற்களும், பார்ன்ஸ்லி, லண்டன் போன்ற ஊர்ப்பெயர்களும் கண்ணாடியிலேயே புடைத்திருக்கக் காணலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்தது, துறைமுகமும் அங்கே இருந்தது. ஆகவே அந்தப் பக்கத்து ஊர்களில் இத்தகைய பாட்டில் ஒன்று எப்போதாவது தலைகாட்டினால் அதில் வியப்பில்லை. நமக்கு மிகுதியாகக் கிடைப்பவை இந்தியாவில் செய்த வெற்றுப் பாட்டில்களே. அவற்றில் கம்பெனியின் பெயர் சாயத்தாலோ காகித லேபிளாலோதான் இருந்திருக்கும்.

எழுத்தை வைத்துக் காலத்தைக் கணிப்பது

இயந்திரத் தகடு, மரப்பெட்டி, லேபிள், விலைப்பட்டியல் பலகை ஆகிய எதில் எழுத்து இருந்தாலும் அது காலத்தைச் சொல்லும். இந்தப் பகுதியை நிதானமாகப் படித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் வேறெந்தச் சோதனையும் இவ்வளவு துல்லியமாக ஆண்டைக் காட்டுவதில்லை.

விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. அவ்வாண்டு ஏப்ரல் 1-இல்தான் ரூபாய்க்கு நூறு காசு என்ற முறை வந்தது. ‘நயா பைசா’ என்று எழுதியிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம், ஏனெனில் 1964-இல் ‘நயா’ என்ற முன்னொட்டைக் கைவிட்டார்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தையது. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் ‘டின்னவெல்லி’ என்று பொறித்திருந்தால் பழைய வழக்கு. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல், தென்காசி 2019-இல். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சங்கரன்கோவிலின் முகவரிக்குக் கீழே திருநெல்வேலி மாவட்டம் என்று இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெல்லைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதியும் உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது மாறிய எழுத்துகளில் லை, ளை, ணை, னை ஆகியவை அடங்கும். அதற்கு முன் இவை, எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கைபோல் சுழித்து எழும் வடிவத்தில் இருந்தன. ‘நெல்லை’யில் லை இருக்கிறது, ‘பாளை’யில் ளை இருக்கிறது, ‘அண்ணாச்சி’யில் அதே சீர்திருத்தத்தில் மாறிய ணா இருக்கிறது, ஆக, நம் ஊர்ப் பலகைகளில் இந்த எழுத்துகள் அடிக்கடி வந்தே தீரும். என் இயந்திரத்தில் மிஞ்சிய ‘ளை’ துதிக்கை வடிவில் இருந்ததால்தான், அது பாளையங்கோட்டைக் கம்பெனி ஒன்றுக்கு 1970-களிலோ அதற்கு முன்போ உரியதாக இருக்கலாம் என்ற அளவுக்காவது என்னால் கணிக்க முடிந்தது. ஆனால் பலகை எழுதும் பெயின்டர் ஒருவர் பழகிய கையை அரசாணை வந்த மறுநாளே மாற்றிக்கொண்டிருக்கமாட்டார் என்பதால், இந்தச் சோதனையைப் பத்து ஆண்டு முன்பின்னாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பெட்டியின் வயது வேறு, பாட்டிலின் வயது வேறு, இயந்திரத்தின் வயது வேறு. தாத்தா வாங்கிய இயந்திரத்தில் பேரன் புதிய பாட்டில் நிரப்பியிருப்பார். ஒரே கொட்டகையில் கிடைத்தவை எல்லாம் ஒரே காலத்தவை என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

இயந்திரத்தைப் பரிசோதிப்பது

கையால் சுற்றும் சோடா இயந்திரம் பார்வைக்குச் சிக்கலாகத் தெரிந்தாலும் அதன் வேலை எளியது. தண்ணீரும் தேவையானால் பாகும் நிரப்பிய பாட்டில்களைக் கூண்டுக்குள் வைத்து, வாயை ரப்பர் பதித்த பித்தளைத் தலைப்போடு பொருத்தி, திருகால் இறுக்குவார்கள். சிலிண்டரிலிருந்து வரும் வாயு, துளையுள்ள அச்சுத்தண்டின் வழியே பாட்டிலுக்குள் போகும். கைப்பிடியைச் சுற்றினால் கூண்டு முழுவதும் தலைகீழாகப் புரண்டு புரண்டு எழும். அந்தக் குலுக்கலில் வாயு தண்ணீரில் கரையும். பாட்டில்களின் வாய் கீழே இருக்கும்படி சுற்றை நிறுத்தியதும் குண்டு தன் எடையால் வாய்க்கு வந்து உட்காரும், தலைப்பைத் தளர்த்திய கணத்தில் உள்ளழுத்தம் அதை இறுக்கிவிடும்.

ஆகையால் வாங்கும்போது அச்சுத்தண்டின் துளை அடைபடாமல் இருக்கிறதா, பித்தளைத் தலைப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, கூண்டின் காப்புத் தகடும் வலையும் உடன் இருக்கின்றனவா என்று பாருங்கள். பித்தளை உறுப்புகளைத்தான் முதலில் கழற்றி விற்றிருப்பார்கள். கைப்பிடியின் மரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிடாதீர்கள். அந்தத் தேய்மானம் சுற்றியவரின் கை.

செய்த இடத்தை அறிய, முதலில் பெயர்த்தகட்டைத் தேடுங்கள். லண்டனில் பார்னட் அண்ட் ஃபாஸ்டர், ஹேவர்ட் டைலர், மான்செஸ்டரில் பிராட்பி அண்ட் ஹின்ச்லிஃப் ஆகிய நிறுவனங்கள் சோடா இயந்திரங்கள் செய்தவை. இப்பெயர்களைத் தாங்கிய தகடு கிடைத்தால், அதைப் பிடித்திருக்கும் ஆணிகளைப் பாருங்கள்: தகடும் ஆணியும் அடியிலுள்ள இரும்பும் ஒன்றாக முதுமையடைந்திருக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் இரும்பு தகட்டின் அளவுக்கே வேறு நிறத்தில் இருந்தால் தகடு அங்கேயே பிறந்தது. தகடு பழையதாகவும் துளைகள் புதிதாகவும் இருந்தால் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டியது.

தகடு இல்லாத இயந்திரமே மிகுதி என்பதால் திருகாணியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். அரை அங்குலத் தடிமனுள்ள ஓர் ஆணியைக் கழற்றி, அதன் மரைமேல் காகிதத்தை வைத்து நகத்தால் அழுத்துங்கள்; மரையின் முகடுகள் காகிதத்தில் கோடுகளாகப் பதியும். ஓர் அங்குலத்துக்குள் 12 கோடுகள் இருந்தால் அது பிரிட்டிஷ் விட்வொர்த் மரை. அதே தடிமன்போலத் தோன்றும் 12 மில்லிமீட்டர் மெட்ரிக் ஆணியில் ஓர் அங்குலத்துக்குள் பதினான்கு கோடுகளுக்கு மேல் வரும். மெட்ரிக் மரை இருந்தால் இயந்திரமோ, அந்த ஆணியோ பிற்காலத்தது. விட்வொர்த் இருப்பதால் மட்டும் இங்கிலாந்து என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர்ப் பட்டறைகள் மெட்ரிக் முறை வந்த பின்னும் பல காலம் அந்த மரையையே வெட்டிக்கொண்டிருந்தன. சட்டகம் வார்ப்பிரும்பால் ஆகி, இணைப்புகள் ஆணியும் ரிவிட்டுமாக இருந்தால் பழைமைக்கு ஆதரவு. ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்துச் செய்திருந்தால் உள்ளூர்ப் பட்டறையின் கைவேலை. உள்ளூர் வேலை என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். நம் பட்டறைக்காரர்கள் ஒரு சீமை இயந்திரத்தைப் பார்த்து, கிடைத்த இரும்பில் தம் போக்கில் செய்த நகல்களைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் பெட்டியும் பலகையும் பிரிந்துபோயிருக்கும். காயலான் கடை என்னும் சொல்லே நம் காயல்பட்டினத்தை ஒட்டிப் பிறந்தது என்று சொல்வார்கள். ஆயினும் கலர் கம்பெனி நடந்த வீட்டை நேராகக் கண்டுபிடிப்பதே மேல். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கும், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும், குற்றாலத்துச் சாரல் காலத்துக்கும் சோடா கொண்டுபோன குடும்பங்கள் எவை என்று பழைய பெட்டிக்கடைக்காரர்களிடம் விசாரித்தால் வழி தெரியும்.

போனவுடன் விலை கேட்காதீர்கள். “அண்ணாச்சி, முன்னால இங்க கலர் கம்பெனி இருந்துச்சாமே?” என்று தொடங்கினால் போதும். களக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நான் அப்படிக் கேட்டபோது, அந்த வீட்டு ஆச்சி, “மிஷினு கெடக்கு. எதுக்கு கேக்கிய? எடைக்குப் போடவா?” என்றார்கள். இல்லை ஆச்சி, வைத்துப் பார்க்கத்தான் என்றதும் உள்ளே போய், குண்டை அழுத்தும் மரக்கட்டை ஒன்றையும் வாயு வாங்கிய கணக்கு நோட்டு ஒன்றையும் எடுத்துவந்து தந்தார்கள். இயந்திரத்தைவிட அந்த நோட்டு அரியது. இரும்பின் எடைக்கு விலை பேசி வாங்கிவிட முடியும் என்றாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். பொருளின் மதிப்பைச் சொல்லி, அதற்கேற்ற தொகையைக் கொடுங்கள்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

பழைய இயந்திரத்தைச் சிலிண்டரோடு இணைத்து ஓட்டிப்பார்க்க எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள். கரியமில வாயு சிலிண்டரில் 20 பாகை வெப்பத்திலேயே காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 57 மடங்கு அழுத்தம் இருக்கும், 30 பாகையில் அது எழுபதைத் தாண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். துருவில் மெலிந்த தண்டும், உரசலில் களைத்த கண்ணாடியும் அதைத் தாங்கா. காப்புக் கூண்டு வைத்தே அந்த இயந்திரங்களைச் செய்தார்கள் என்றால், பாட்டில் வெடிப்பது அன்றாடம் எதிர்பார்த்த ஆபத்து என்று பொருள். குண்டு மேலே அடைத்தபடி கிடைக்கும் பழைய பாட்டிலிலும் அழுத்தம் மிச்சமிருக்கலாம். தடித்த துணியைச் சுற்றி, முகத்தை விலக்கி, கண்ணாடி அணிந்து, கட்டையால் மெதுவாக அழுத்திய பிறகே மற்ற வேலை. பழைய குழாய்களிலும் பற்றவைப்புகளிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றின் வழியே வந்த எதையும் குடிக்கக் கூடாது.

பாட்டிலைக் கழுவ இளஞ்சூடான நீரும் சோப்பும் போதும். உள்ளே உப்புக்கறை படிந்திருந்தால் வினிகர் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். மணல் போட்டுக் குலுக்கினால் கண்ணாடி கீறும், கொதிநீர் ஊற்றினால் விரியும். இரும்பில் உதிரும் துருவை மட்டும் மென்மையான பிரஷால் எடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். புதிய பெயின்ட் அடிக்க வேண்டாம். பித்தளையைப் புளி போட்டு விளக்கும் ஆசை நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு, ஆனால் பெயர்த்தகட்டில் அதைச் செய்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கும்.

நூறு ஆண்டு கடந்த கலைத்தொழில் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடியவை. அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. காட் பாட்டிலின் தொடக்க கால இனம் ஒன்று கிடைத்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர் விலை கேட்டால் இதை மறந்துவிடாதீர்கள்.

இறுதியாக, குறிப்பேடு. பொருள் கிடைத்த ஊர், கிடந்த இடம், அசையாமல் இருக்கும்போதே நான்கு பக்கமும் எடுத்த படம், எழுத்துகளின் நகல், மரைக் காகிதம் ஆகியவை முதல் நாளே அதில் ஏற வேண்டும். அதோடு, அந்த இயந்திரத்தைச் சுற்றியவர் உயிரோடு இருந்தால் அவரை உட்காரவைத்துச் சில கேள்விகள் கேளுங்கள்: தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி, வாயு போதும் என்று எப்படித் தெரியும். கடைசிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடைகளில் இரண்டு ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒருவர் சுற்றை எண்ணுவார், இன்னொருவர் கூண்டின் ஓசையைக் கேட்பார். அந்த ஆச்சியின் கணவரோ, “கைப்பிடி கனக்கும்லா, அப்ப விட்டுருவாகளாம்” என்று ஆச்சி சொன்னபடி, கையில் ஏறும் பாரத்தைக் கொண்டே நிறுத்தியிருக்கிறார்.